ஐயா கழற்றிய படம்

நினைவு மலரில் கசப்பு வேண்டாம், நல்லதை மட்டும் எழுது என்று மாமி சொன்னார். என் தகப்பனாரான ஐயா மறைந்து ஓராண்டாகியும் எனக்குக் கசப்பு ஆறவில்லை. அதை மறைத்து எழுதினால் அது பொய். ஐயா பொய் சொல்லாதவர்.

ஐயா புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்யும் ஒரு சைவக் கமக்காரக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். முப்பது வயதில், கிணறு வெட்டும் பணிக்கு உதவக் கனடாவிலிருந்து வந்திருந்த மெனோனைட் கிறிஸ்தவ விவசாயத் தம்பதியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆயுதம் தொடக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது, பகைவனையும் நேசிக்க வேண்டும் என்ற அவர்களின் விசுவாசம் ஐயாவைப் பற்றிக்கொண்டது. காங்கேசன்துறைக் கடலில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த போகமே புகையிலையை நிறுத்தி வெங்காயம் நட்டார். பிறர் உடம்பைக் கெடுக்கும் பயிர் தனக்கு வேண்டாம் என்றார். உறவினர் பலர் அப்போதே விலகினார்கள். எனக்கு ஏழு வயதில் அம்மா காலமானபோது எங்களுக்குச் சமைத்துத் தர வந்தவர் ஐயாவின் தங்கையான மாமி மட்டும்தான்.

அண்ணா இயக்கத்துக்குப் போன காலையில் ஐயா படலையில் நின்று மறித்தார்.

"நீ செத்தாலும் தாங்குவன் மோனை. நீ ஒருத்தனைச் சுட்டால் தாங்கமாட்டன்."

"உங்கட ஆண்டவர் வந்து ஆமிக்காரனை நிப்பாட்டுவாரோ?" என்று கேட்டுவிட்டு அண்ணா சைக்கிளில் ஏறினார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

அண்ணாவைத் தேடி வந்த இராணுவத்தினர் ஐயாவைக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனது. எண்பத்தைந்தில் என்னையும் கூட்டிக்கொண்டு, முன்பே இங்கு வந்துவிட்ட மாமியை நம்பி, பாரிசுக்கு வந்தார். லா சப்பலில் ஓர் அறை எடுத்தோம். உணவகக் குசினியில் கோப்பை கழுவினார். ஞாயிறுகளில் தெற்குப் புறநகரிலுள்ள சிறிய மெனோனைட் சபைக்குப் போவார். பிரெஞ்சுப் பிரசங்கம் அவருக்கு விளங்காது. ஆராதனை முடிந்ததும் சபையின் பின்வளவில் இடக்கையால் கொத்தி வெங்காயம் நடுவார். இந்த ஊரில் அவர் முகம் தெளிந்து நான் கண்டது அங்கே மட்டும்தான்.

எண்பத்தேழில் அண்ணா சண்டையில் இறந்த செய்தி வந்தது. அன்று சாப்பாட்டுக்கு முன் ஐயா கண்ணை மூடிச் செபித்தார்.

"ஆண்டவரே, என்ர பிள்ளையை ஏற்றுக்கொள்ளும். அவனைச் சுட்டவனுக்கும் ஒரு தாய் இருப்பா. அவையளையும் காப்பாற்றும்."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அண்ணாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை. சுட்டவனுக்குச் செபமோ? நீங்கள் எல்லாம் ஒரு தகப்பனோ?" என்று கேட்டேன். நான் சார்செலில் மாமி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம், எங்கள் உறவினர் ஒருவர் லா சப்பல் தெருவிலிருந்த தம் பலசரக்குக் கடைக் கண்ணாடியில், துப்பாக்கி ஏந்திய அண்ணாவின் படத்தை ஒட்டி அஞ்சலி வைத்தார். பூத்தட்டோடு நானும் நின்றேன். ஐயா வேலையுடுப்போடு வந்தார்.

"தம்பி, இந்தப் படம் வேண்டாம். பள்ளிக்கூடத்திலை எடுத்தது என்னட்டை இருக்கு. அதை ஒட்டுங்கோ."

"அண்ணை, அவன் இப்ப எங்கள் எல்லாருக்கும் சொந்தம்."

"சொந்தமெண்டால், துவக்குத் தொட முதல் அவன் எப்பிடி இருந்தவன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

உறவினர் விளக்குத் திரியைத் தூண்டக் குனிந்தார். ஐயா தாமே படத்தைக் கழற்றினார். விறைத்த விரல்களால் அது சரியாக வரவில்லை. ஓர் ஓரம் கிழிந்தது. "துரோகி" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். ஐயா என்னைப் பார்த்தார். நான் பூத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் அந்தத் தெருவில் ஐயாவுக்கு ஒரு கிலோ அரிசி விற்க ஆளில்லை. மெத்ரோவில் அவர் பக்கத்தில் இருந்த நம்மவர்கள் எழுந்து போனார்கள். நானும் நாலு மாதம் போகவில்லை. வயிற்றில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மாமிக்குச் செய்தி வந்தபோதுதான் போனேன். கட்டிலருகில் இருந்து, "அண்ணாவுக்காக ஏன் அழேல்லை ஐயா?" என்று திரும்பவும் கேட்டேன்.

"அழுதனான். குசினியிலை தண்ணி ஓடுற சத்தத்துக்கை ஆருக்குக் கேக்கும்?"

மூன்று வாரம் அவரோடு இருந்தேன். கடையில் கத்தியவர்களுக்காகவும் ஒவ்வொரு நாளும் செபித்தார். ஒரு காலை, செபம் பாதியில் நின்றது.

பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. நம்மவரில் மாமியின் கணவரும், ஐயாவோடு கோப்பை கழுவிய புதுச்சேரிக்காரர் ஒருவருமே வந்தார்கள். மற்ற நால்வரும், ஐயாவோடு இரண்டு சொல்கூடப் பேசியறியாத, தொலைவிலுள்ள அல்சாசிலிருந்து வந்த மெனோனைட் கமக்காரர்கள். அவர்களுக்கும், அரிசி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்த மாமிக்கும், கடைசிவரை கையைப் பிடித்திருந்த தாதிக்கும் என் நன்றி.

பெட்டி தூக்க வராமல் இருந்த உங்களை மன்னிக்கும்படி ஐயா சொல்லியிருப்பார். அந்த விசுவாசம் எனக்கு வாய்க்கவில்லை. உங்களையும் மன்னிக்கவில்லை, பூத்தட்டோடு நின்ற என்னையும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இந்த மலர் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரும். நானே கொண்டுவந்து தருவேன். கதவைத் திறவுங்கள்.