அரை மீட்டர் மேடு

பன்னிரண்டு வருஷமாக, தெருவில் இறங்காமலேயே தெருக்களை வரைந்தவள் அவள். நில அளவையாளர் வெயிலில் காய்ந்து கொண்டுவரும் எண்களைக் கணினியில் வரைபடமாக்குவதுதான் வேலை. முப்பத்தொன்பது வயதில், தானே அளக்கப் போனால் என்ன என்ற ஆசை வந்து தொற்றிக்கொண்டது. ஆசை வந்தால் சும்மா விடுமா?

கணவர் தையல்காரர். விஷயத்தைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நான் அளவு தப்பினா, உள்ள விட்ட துணியைப் பிரிச்சு சரி பண்ணிடுவேன். நிலத்துல நீ எதைப் பிரிப்ப?"

கேலிதான். ஆனாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

நில அளவைப் படிப்பில் சேர, களத்தில் முப்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். இன்று முப்பதாவது நாள். அவளை உதவிக்கு வைத்திருந்த அளவையாளர் காலையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது அவள் பையில் இருந்தது. இன்று ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை இந்தத் துணிச்சல் தாங்குமா என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

கழிவுநீர்க் குழாய் பதிக்கவிருந்த தெரு அது. அளவையாளர் முக்காலியில் கருவியை நிறுத்திக் குறிபார்ப்பார். கருவியின் ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிசக் கண்ணாடி பொருத்திய கம்பத்தை அவள் ஒவ்வோர் இடமாக நட்டுப் பிடிப்பாள். கம்பத்தின் உயரத்தைக் கருவியில் சரியாகப் போட்டால்தான் தரையின் மட்டம் சரியாக வரும். சாப்பாட்டுக்குப் பிறகு கம்பத்தைக் கையில் எடுத்தவள் அதிலிருந்த அளவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கம்பத்தில் உயரம் இரண்டு மீட்டர். கருவியில் போட்டிருந்ததோ ஒன்றரை. காலையில், நின்றிருந்த லாரி மறைக்கிறதென்று கம்பத்தை நீட்டியவள், அதைச் சொல்ல மறந்திருக்கிறாள். அதுவரை எடுத்த அறுபது புள்ளிகளில் எந்தப் புள்ளியில் நீட்டினாள் என்றும் நினைவில்லை. பள்ளமெல்லாம் அரை மீட்டர் மேடாகப் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கில் குழாய் போட்டால் சாக்கடை வீட்டுக்குள்தான் திரும்பும்.

அடிப்பாவி, முப்பதாவது நாளிலா இந்தக் கூத்து!

மூன்று மணிக்குக் கிளம்பினால் படிவத்தைக் கொடுத்துவிடலாம். வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? யார் வீட்டு வாசலிலோ கிடந்த குழந்தைச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

எல்லாவற்றையும் கேட்ட அளவையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கம்பத்தை நீட்டினா ஒரு வார்த்தை கத்த வேணாமா? மொத்தத்தையும் திரும்ப எடுக்கணும். நாளைக்குக் காலைல குழாய்க்காரங்க வந்து நிப்பாங்க."

"எடுத்துடலாம் சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "இருட்டுற வரைக்கும் ஆகும்மா. உன் படிவம்?"

அவள் கம்பத்தை ஒன்றரைக்கு இறக்கித் திருகை இறுக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"அது அடுத்த வருஷமும் வரும் சார். ஒன்றரை வச்சிருக்கேன், கருவியில சரிபாத்துக்குங்க. முதல் புள்ளியிலிருந்து போவோம்."