மூன்று எண்ணும்வரை

போத்தல் தக்கையை முன்பற்களில் கவ்விக்கொண்டு, ட்ருகனினா புறநகர் வெயர்ஹவுஸின் கார் பார்க்கில் சச்சிதானந்தன் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். வேலை தொடங்க இன்னும் இருபது நிமிடம். கார்க் கண்ணாடிகள் ஏற்றியிருக்கும். மடியில், தெளிவாகப் பேசக் கற்றுத்தரும் நூலகப் புத்தகம். தக்கைப் பயிற்சி அதன் நான்காம் அத்தியாயம். அவரோ மதுவைத் தொடாதவர்; தக்கை பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது.

"கோயில் சனம் கண்டால், மனுசன் விடியவே தொடங்கீட்டார் எண்டு கதைக்கப் போகுது" என்பாள் மனைவி சுஜீவா.

பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். இப்போது குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். வேலை முழுவதும் தெரியும். அவசரமாகப் பேசிப் பாதிச் சொற்களை விழுங்குவதுதான் குறை. அதனால் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பாதுகாப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக் காட்டச் சொன்னார்கள்.

முக்கியமான சொல்லுக்குப் பின் மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள் என்கிறது புத்தகம். எது முக்கியம் என்று சொல்லவில்லை. சச்சிதானந்தன் நிறுத்தவேண்டிய இடங்களில் தாளில் மும்மூன்று புள்ளிகள் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளி மேடையில் பழகிய வாய். சபைக்கு வணக்கம் சொல்லாமல் திறக்காது.

திங்கட்கிழமை எழுந்து முகாமையாளரை விளித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மேற்பார்வையாளர்களை ஒவ்வொருவராக விளித்தார். பிறகு ஓட்டுநர்கள், பொதி கட்டுபவர்கள். கடைசியாக, வாசலில் துடைப்பத்துடன் நின்ற வியட்நாம்காரி லானைப் பெயர் சொல்லி வணங்கினார். அங்கே அவள் பெயரை யாரும் அதுவரை உரக்கச் சொன்னதில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. பாதுகாப்பு இன்னும் தொடங்கவில்லை.

"வெரி கிளியர், சச்சி" என்றார் முகாமையாளர். "நெக்ஸ்ட் மண்டே. டூ மினிட்ஸ்."

"ஃபோர்க்லிஃப்டை ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்றான் கூட வேலை செய்யும் பிரஷாந்தன். "அதுக்கும் ஒரு வணக்கம் வைச்சிருக்கலாமே!"

அன்று மாலை குசினி மேசையில் தாளை விரித்து, சிவப்புப் பேனாவால் முகாமையாளரை வெட்டினார். மேற்பார்வையாளர்கள் போனார்கள். ஓட்டுநர்கள் போனார்கள். சுஜீவா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உந்தக் கடைசிப் பேரையும் வெட்டுங்கோவன். ரெண்டு நிமிசமெல்லே? இந்த முறையும் பிழை விட்டால் அந்தப் பதவி போச்சு."

"ஓம்" என்றார்.

பேனா லானின் பெயருக்கு மேல் சற்று நின்றது. பிறகு கீழிறங்கி, அதன் பக்கத்தில் மங்கியிருந்த மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்தது.