வலது கை பிடித்த மீன்கள்

விழாவுக்கு வந்தவர்கள் எங்கள் பாயின் மேல் ஷூ காலோடு நடந்துவிட்டுப் போயிருந்தார்கள். நீல நிற ரப்பர் பாய். குழந்தைகள் அதில்தான் குப்புறப் படுப்பார்கள், கன்னம் பதித்து உருளுவார்கள், எச்சில் வடிப்பார்கள். தினமும் காலையில் நான் மண்டியிட்டுத் துடைக்கிற பாய். அதன் நடுவில் கேக் கிரீம் அப்பிய ஒரு ஷூ தடம். அன்று எனக்கு அருவருப்பு தந்தவற்றில் அதுதான் சின்னது.

செங்கல்பட்டில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். நான் வாங்கிய பட்டத்தைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனி எங்கள் மையத்துக்கு ஒரு விளையாட்டு மிஷினைக் கொடுத்தது. சுவரளவு பெரிய திரை, அதன் மேல் ஒரு கேமரா. திரையில் மீன்கள் நீந்தும். குழந்தை எதிரே உட்கார்ந்து கையை நீட்டி, விரலை விரித்து மூடினால், கேமரா அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மீனைக் கூடையில் போடும். எத்தனை மீன் என்பதை அதுவே கணக்கெடுத்துக் கோடு வரைந்து காட்டும்; எந்தக் கை பிடித்தது என்று மட்டும் அதற்குத் தெரியாது. நல்ல மிஷின். இருநூறு முறை கையை நீட்டு என்று நான் சொன்னால் அழுகிற குழந்தை, அதன் முன்னால் சிரித்துக்கொண்டே நீட்டும். மிஷின் மேல் எனக்கு எந்த அருவருப்பும் இல்லை.

அதில் விளையாட ஆறு பேருக்குத்தான் இடம். அந்த ஆறில் ஒருத்தி, மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த பத்து வயதுப் பெண். அப்பா படகில் போகிறவர். அம்மா ஒரு ரிசார்ட்டில் அறை கழுவுகிறவர். அவளுக்கு வலது கை நன்றாக வரும். இடது கை நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருக்கும். கட்டைவிரல் முஷ்டிக்குள் புதைந்திருக்கும்.

முதல் நாள் திரையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

“இது இன்னா மீனு மிஸ்? ஆரஞ்சு கலர்ல கீது?”

“எனக்கும் தெரியல.”

“எங்கப்பா வலையில வந்துச்சுன்னா தூக்கிக் கடாசிடுவாரு. கொழம்புக்கு ஆவாது.”

அவள் அம்மாவின் கவலை வேறு.

“ஜூன்ல பெரிய ஸ்கூலு மிஸ். சுடிதார் பேண்ட்டு. இங்கயாச்சும் ஆயா கீது. அங்க எவ வந்து இவளுக்கு நாடா அவுத்து வுடுவா? நான் ரிசார்ட்டு பாத்ரூம் கழுவப் போவேனா, இவ ஸ்கூலு பாத்ரூம் வாசல்ல குந்திகினு இருப்பேனா? முடியலன்னா நிறுத்திட வேண்டியதுதான்.”

ஒரு கையால் நாடா முடிச்சை அவிழ்க்க முயன்று பாருங்கள். இன்னொரு கை துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடது கை இறுக்கம் விட்டுத் திறந்தால் அவள் ஆறாம் வகுப்புக்குப் போவாள். இல்லையென்றால் வீட்டில் இருப்பாள். ஒரு நாடாவுக்காக ஒருத்தி படிப்பை விடுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்படிப்பட்ட கைக்கு ஒரு வழி உண்டு. நன்றாக இருக்கிற கையைத் தினமும் சில மணி நேரம் உறையில் கட்டிவைப்பது. வேறு வழியில்லாமல் மற்ற கை வேலைக்கு வரும். அவள் அம்மா பழைய லுங்கியில் ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார்.

“அக்கம்பக்கத்துல இன்னா கேக்குறாங்க தெரியுமா மிஸ்? வராத கைய வுட்டுட்டு வர்ற கைய கட்டி வெச்சிகிறியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு.”

ஆனாலும் கட்டினார். வலது கை பைக்குள் இருந்ததால் கேமராவுக்கு அதன் விரல்கள் தெரியாது. இடது கை பிடித்தால்தான் மீன். முதல் மாதம் ஒன்றுமே விழவில்லை. பிறகு ஒரு சுற்றுக்கு ஒன்று. ஜனவரி முடிவில் நான்கு. அந்த நான்கும் எனக்குத் தங்கம். முஷ்டி திறக்கும்போது கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் மிஷின் வந்து ஒரு வருஷம் ஆனதற்கு விழா. கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று மேலாளர் கழிப்பறைக்குப் புதுப் பூட்டு வாங்கினார். குழந்தைகள் போய் அசிங்கம் செய்துவிடுவார்களாம்; விருந்தினருக்கு மட்டும் திறப்பார்களாம். அன்று காலை முழுக்கக் குழந்தைகள் ஈர டயப்பரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

விருந்தினர் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் மேலாளர் அவளுடைய பையைப் பார்த்தார்.

“அதை அவுத்துடும்மா. போட்டோவுல குழந்தையைக் கட்டிப்போட்ட மாதிரி தெரியும்.”

“சார், அவுத்தா இடது கையைத் தூக்கவே மாட்டா. எல்லாத்தையும் வலது கையாலயே பிடிச்சிடுவா.”

“பிடிக்கட்டுமே. வர்றவங்களுக்கு எந்தக் கைன்னா தெரியப்போகுது?”

நான் அவிழ்த்தேன். என் கையால்தான் அவிழ்த்தேன். வேறு யார் மேலும் பழியைப் போட முடியாது.

அவள் வலது கையால் மீன்களை அள்ளினாள். முப்பத்தொன்று. திரையில் பட்டாசு வெடித்தது, அறை முழுக்கக் கைத்தட்டல். பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்மணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே சிறுமியின் வாயை ஒரு காகிதத்தால் துடைத்துவிட்டு, அந்தக் காகிதத்தை என் கையில் வைத்தார். உடனே சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டார். கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவர், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது போல் படம் வேண்டும் என்று, அவளுடைய இடது முஷ்டியைப் பிடித்து உள்ளே மடங்கிய கட்டைவிரலை வெளியே இழுத்தார். அவள் முகம் சுளித்தாள். படம் எடுத்த கேமரா அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரோஸ் சென்ட் அடித்த, வழவழவென்ற துணி. நானும் கை தட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை பையை எடுத்ததும் அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“போ மிஸ். இந்தக் கையால புடிச்சப்பதான் எல்லாரும் கை தட்னாங்க. அது சோம்பேறிக் கை. அது வேணாம்.”

“நாடா அவுக்கணும்ல?”

“அம்மா அவுக்கும்.”

அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. “நான் ஊரு வாயில வுழுந்து கட்டினேன். நீ நாலு பேருக்காக அவுத்துட்டியே மிஸ்ஸு” என்றார்.

அந்த வாரமே மேலாளர் ஓர் அறிக்கையை நீட்டினார். கோடு நாலிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. மிஷினில் அவளுக்குப் பயிற்சிக் கை இடது என்று பதிந்திருந்ததால், கீழே ‘இடது கை: இலக்கு எட்டப்பட்டது’ என்று அச்சாகியிருந்தது. இலக்கை எட்டியதால் அவளுடைய பயிற்சி முடிகிறது. அவள் இடத்துக்கு வேறு குழந்தை வரும். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“இது வலது கை சார்.”

“மிஷின் எழுதினது. நானா எழுதினேன்?” என்றவர், குரலை இனிமையாக்கிக்கொண்டார். “உங்க வீட்லயே நீதான் முதல்ல படிச்சு வந்தவ. வேலையோட அருமை உனக்குச் சொல்லணுமா?”

மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் படிப்பை எடுத்து என் வாயிலேயே அடைக்கப் பார்த்த அந்தக் குழைவைத்தான் தாங்க முடியவில்லை. அச்சான வரியைக் குறுக்கே அடித்தேன். ‘இடது கை: நான்கு மீன். முப்பத்தொன்று வலது கை பிடித்தது. விழாவுக்காக உறையை அவிழ்த்தது நான். பயிற்சி தொடர வேண்டும்’ என்று எழுதி, அதன் கீழே முழுப் பெயரையும் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அதைக் கம்பெனிக்கு அனுப்ப அவரால் முடியவில்லை. என் கையெழுத்து இல்லாமல் வேறோர் அறிக்கை அச்சடித்துப் பயிற்சியை முடிக்கவும் முடியவில்லை. அவள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. மேலாளர் என்னோடு பேசுவதில்லை.

அவள் பல நாட்கள் பையை மாட்டவே விடவில்லை. சரி, இரண்டு கையும் வேண்டிய வேலையையே நேராகச் செய்வோம் என்று, அவள் அம்மாவிடம் சுடிதார் பேண்ட் போட்டு அனுப்பச் சொன்னேன். கழிப்பறைப் பூட்டை மேலாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இப்போது தினமும் பதினொரு மணிக்கு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். அடுப்பாய்க் காயும் மே மாதம். நேற்று வெகு நேரம் ஆகியும் அவள் வெளியே வரவில்லை.

“ஆச்சா?”

“எட்டிப் பாக்காத மிஸ்!”

உள்ளே துணி இழுபடும் சத்தம். பிறகு சின்னக் குரல்.

“நனைஞ்சுடுச்சு.”

உள்ளே போனேன். காலோடு வழிந்து தரையில் நின்றிருந்தது. முடிச்சு பாதி தளர்ந்திருந்தது. இடது முஷ்டிக்குள் பேண்ட் துணி கொஞ்சம் கசங்கி மாட்டியிருந்தது. அதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எப்போது பிடித்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா அவுத்திருப்பேன்” என்றாள் கோபத்தோடு.

“நாளைக்கு அவுப்ப.”

தரையைத் துடைக்கக் கைக்கு எட்டியது, விழா முடிந்த அன்றிலிருந்து அலமாரியில் நான் சுருட்டி வைத்திருந்த பொன்னாடைதான். போட்டுத் தேய்த்தேன். மூத்திர வாடை எனக்குப் பழக்கம்தான். அந்த ரோஸ் சென்ட்தான் மூக்கில் ஏறியது. துணி ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. ஈரத்தை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டே இருந்தது. குப்பைக் கூடையில் வீசிவிட்டு, மாப் எடுக்கப் போனேன்.