எட்டு மணிக்கு வரும் அம்மன்

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்கு மல்லாவிக் கடைத்தெரு ஓரமாக நடைபாதைக்குப் பதிக்கிற கல் முழுவதும் என் பட்டறையில் வார்த்தது. படித்த பொறியியலாளர் ஒருவர் வரைபடத்தோடு வந்து, மூன்றடி அகலம் போதும் என்றார். "நாலடி வேணும் தம்பி. ஊன்றுகோலோட ஒருத்தர், பக்கத்தில ஒரு பிள்ளை. அளந்து பாருங்கோ" என்றேன். அளந்தார், நாலடி என்று எழுதினார். இந்தத் தெருவில் முதல் நடைபாதை போட்டவளே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்குப் பத்து வயது.

சண்டையால் கிளிநொச்சிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து மல்லாவியில் வந்து குவிந்திருந்த காலம். ஒரு சின்னச் சந்தைத் தெருவில் ஒரு பட்டினத்தின் கடைகள் அத்தனையும் வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? ஒவ்வொரு முதலாளியும் கடைக்கு முன்னால் நாலு தடி நட்டு, மேலே தகரம் போட்டு, சாக்குகளையும் வாளிகளையும் தெருவரைக்கும் பரப்பியிருந்தார். நடக்கிறவர்கள் நடுத்தெருவில், சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் நடுவே புகுந்து போனார்கள்.

அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. தெருவின் மறுமுனையில், பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் மேசை போட்டு மணிக்கூடு திருத்துவார். பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலம். சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடுகளெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வந்திருந்தன, வேலைக்குக் குறைவில்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. நான் ஒரு சைக்கிள் மணியைக் கையில் பிடித்து அடித்தபடி முன்னால் போவேன், அப்பா பின்னால் வருவார். ஒருநாள் விறகு கட்டிய சைக்கிள் ஒன்று ஊன்றுகோலைத் தட்டிவிட்டது. நடுத்தெருவில் விழுந்தார். காயம் பெரிதில்லை. ஆனால் மறுநாள் வேலைக்கு உடுத்துகிற சேட்டைப் போடவில்லை.

"இனி நான் போகேல்லை. வேலையிருக்கிறவை வீட்டை கொண்டுவரட்டும்."

ஒருவரும் கொண்டுவரவில்லை. அப்பா குடிசைக்குள் மண்சுவரைப் பார்த்தபடி இருக்கத் தொடங்கினார். அம்மாவோடுகூடக் கதை குறைந்துவிட்டது.

அந்தக் கிழமையில்தான் அம்மன் கோவில் திருவிழாவின் கடைசி நாள் வந்தது. பின்னேரம் அம்மன் தெருவழியே வருவா என்பதால் கடைக்காரர் எல்லாரும் தடிகளைப் பிடுங்கி, தகரங்களை உள்ளே இழுத்து, வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். அம்மனைச் சுமந்து வந்தவர்களில் முன்னால் தோள் கொடுத்தவர் தேத்தண்ணிக் கடை முதலாளி. உறவில்லாவிட்டாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா வற்புறுத்தி அப்பாவைக் கூட்டிவந்தா. வெறுமையாகக் கிடந்த தெருக்கரையில் அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். நின்று நின்று ஆட்களோடு கதைத்தார். ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அதை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடிய எழும்பி ஓடினேன். மாமா கையில் அலவாங்குக் கம்பியும் காலடியில் தடிகளுமாகக் குழி தோண்ட நின்றார்.

"மாமா, தடி நடாதேங்கோ. இண்டைக்கும் அம்மன் வாறா."

ஒரு தடியைக் கையிலெடுத்தவர் என்னைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"எந்தக் கரையால?"

"இந்தக் கரையால."

"கூட ஆர் வருவினம்?"

யோசித்துப் பார்த்தேன். "நான் வருவன்."

மாமா வலது தோளைத் தடவிக்கொண்டே குனிந்து தடியைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினார். "டேய், நடாத! அம்மன் இண்டைக்கும் வாறாவாம். எட்டு மணிக்கு, இந்தக் கரையால!"

"நேற்று வந்தது காணாதாமோ?"

"வாயை மூடிக்கொண்டு சாக்கை உள்ள இழு."

வீட்டுக்கு ஓடினேன். தெரு வெறுமையாகக் கிடக்கிறது என்றதை அப்பா நம்பவில்லை. அம்மா அவருடைய சேட்டை எடுத்து நீட்டினா.

எட்டு மணிக்குத் தெருவுக்குள் இறங்கினோம். கடைசிக் கடைவரை கரை திறந்து கிடந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் நிறைகுடம் அப்படியே இருந்தது, விளக்கும் எரிந்தது. சுவரோரமாக ஆட்கள் இருக்க ஒரு மரவாங்கு போட்டிருந்தது.

"ஏன் இன்னும் தடி நடேல்லை?" என்று அப்பா கேட்டார்.

"அம்மனைப் பாத்துக்கொண்டு நிக்கிறம் அண்ணை. வரட்டும். நீங்கள் இந்த வாங்கில இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்றார் மாமா.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தேவையில்லாமல் மணியை அடித்தேன்.

அடுத்த நாளும் மாமா கேட்டார்: "இண்டைக்கும் வாறாவோ பிள்ளை?" ஓம் என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். தடிகள் திரும்ப முளைக்கவேயில்லை. அந்த வாங்கும் உள்ளே போகவில்லை. சந்தைக்கு வந்த பெண்கள் அதிலிருந்து கால் ஆறினார்கள், சைக்கிளை உருட்டி வந்தவர்கள் நின்று ஊர்ப் புதினம் கேட்டார்கள். அப்பா ஒருநாளும் வேலைக்குப் பிந்தவில்லை.

ஒரு பொய்யால் ஒரு தெருவையே பின்னால் தள்ளியவள் என்று என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நான் கெட்டிக்காரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் போன மாதம் நடைபாதைக்குக் கல் ஏற்றும்போது தோள் கடுத்தது. தடவிக்கொண்டு நிமிர்ந்தபோது மாமாவின் நினைவு வந்தது. நான் பொய் சொன்னதற்கு முதல்நாள் பின்னேரம் அம்மனைக் கோவிலில் இறக்கிவைத்து, கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அவரிடம் போய்த்தான் அம்மன் வருவா என்று சொல்லியிருக்கிறேன். சுமந்த தோள் வீங்கியிருந்தது. அதைத் தடவிக்கொண்டு, சிரிக்காமல், எந்தக் கரையால என்று கேட்டார்.