அம்சவேணி இழுக்காத நூல்

பத்தொன்பது வயதுவரை அம்சவேணியின் கைகள் தறியில் இருந்தவை. தறிக்காரர்களின் பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எல்லோருக்கும் உள்ள பழக்கம் அவளுக்கும் இருந்தது. எங்கே ஒரு நூல்முனை தொங்கினாலும் விரல் தானாகப் போய்ப் பிடித்து இழுக்கும். மாட்டாஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பூனையின் வாயில் தொங்கிய பட்டிழையை அப்படித்தான் இழுத்தாள். உள்ளே குடல் சுருக்குப்பைபோலச் சுருங்கி அறுந்துபோயிற்று. பூனை மறுநாள் செத்தது. டாக்டர் காசிநாதன் திட்டவில்லை. "இனிமே இழுக்காதே" என்றார், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் கழித்து, எழுபத்தொன்றாம் வருஷத்து ஆடியில், நெசவாளி குமாரவேல் ஒரு பூனையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். வாசலில் எருதோடு நின்ற செவிலிமேட்டு ராஜகோபால், "இது எத்தினி படி கறக்கும்பா?" என்றார்.

"உன் எருது கறக்கறத்துக்கு மேலயே கறக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவன் துண்டோடு பூனையை அம்சவேணியிடம் நீட்டினான். "அரக்குக் கலர் பட்டு நூலை முழுங்கிட்சிக்கா. நான் கொஞ்சம்தான் இழுத்தேன். கத்திச்சி, விட்டுட்டேன்."

பெண்டாட்டி போனபின் அவனுக்கு வீட்டில் பேச்சுத் துணை அதுதான். நாளெல்லாம் தறிக்குழிக்குப் பக்கத்தில், பாவு நூலுக்கு அடியில் படுத்திருக்கும்.

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் அடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கேயே வெட்டிவிட்டார். மிச்சம் வயிற்றுக்குள் இருந்தது. அறுத்து எடுக்க வேண்டுமானால் மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். அந்த உடம்பு பஸ் பயணம் தாங்காது. "தானா வெளியே வந்தா பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு, தாமலில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஜீப்பில் போய்விட்டார்.

அம்சவேணியைப் பெரிய கைராசிக்காரி என்று சொல்ல முடியாது. அவளைவிட நன்றாக ஊசி போடுகிறவர்கள் உண்டு. அவளால் உட்கார்ந்திருக்க முடியும். பூனையின் தோலுக்கு அடியில் உப்புநீர் ஏற்றினாள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அதன் முதுகோடு வைத்தாள். மணிக்கொரு தரம் காய்ச்சல் பார்த்தாள். மாலையில் ஆஸ்பத்திரியைப் பூட்டியபின் பூனையை ஒரு கூடையில் வைத்துத் தன் வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

மறுநாள் பிற்பகல் அவள் வீட்டில் குமாரவேலும் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். காற்று சன்னல் கதவை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தறியின் ஓசை தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. பூனையின் வயிறு ஏறி இறங்க, அவள் மூச்சும் அதோடு ஏறி இறங்கிற்று. தான் கூடைக்கு வெளியே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்பதுகூட அவளுக்குக் கொஞ்ச நேரம் நிச்சயமாகத் தெரியவில்லை. அப்போது பூனையின் வாலடியில் விரற்கடை நீளத்துக்கு அரக்கு நூல் தெரிந்தது.

அவள் விரல்கள் அதை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டன. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குமாரவேல் குனிந்தான். "அக்கா, முனை வந்துட்சிக்கா. லேசா..."

"தொடாதேண்ணா."

"பாவுல நூறு இழை எடுக்கற கைக்கா இது. அறாது."

"இழை அறாது. குடல்தான் அறும். எனக்குத் தெரியும்." வெந்நீர்ப் புட்டியை அவன் கையில் திணித்தாள். "இத்த ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு உக்காரு."

கத்தரிக்கோலால் தொங்கின முனையை மட்டும் வெட்டினாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தானா என்றெல்லாம் அவள் யோசித்ததில்லை. அது தறி நெய்வதைவிடக் கஷ்டம் என்று மட்டும் தெரியும். வெயில் சுவரில் ஒரு சாண் நகர்ந்தது. பூனை ஒருமுறை கண்ணைத் திறந்து, இரண்டு பேரையும் எங்கோ பார்த்த முகங்களைப்போலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலையில், பூனை வெளிக்குப் போக வைத்திருந்த சாம்பல் தட்டில் மிச்ச நூல் அறாமல் கிடந்தது, ஒன்றரை முழம். பூனை மீன்கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது.

குமாரவேல் நூலைக் கழுவி, விரலில் உருட்டிப் பார்த்தான். "சாயம் போவலக்கா."

"அத்தப் போட்டு எந்தக் கல்யாணப் பொண்ணுக்கும் பொடவை நெய்ஞ்சிடாதே."

சிரித்துக்கொண்டே பூனையோடு போனான். அம்சவேணி தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சன்னலில் கட்டியிருந்த சாக்கில் ஒரு சணல் பிரி தொங்கியது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் போய் அதைப் பிடித்து இழுத்துவிட்டன.