இருசப்பன் எனக்குக் கட்டிவிட்ட விரதம்

இருபத்திரண்டு மணி நேரம். இந்தக் கணக்க மறக்காதீங்க. ரத்தம் குடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, இருசப்பன் வயித்துல சோறு விழுந்து அவ்வளவு நேரம் ஆயிருந்துச்சு.

1952. மலாயாவுல அவசரகாலம். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். நாங்க குடியிருந்த லயத்தச் சுத்தி முள்வேலி, கேட்டுல துப்பாக்கி, அரிசிக்கு அளவு. காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுக்குப் போயிடும்னு ஒரு பிடி சோத்தக்கூட கேட்டத் தாண்ட விட மாட்டான். பால் வெட்டுறவன் பாதி நாள் வெறும் வயிறு. இத எதிர்த்து நோட்டீஸ் போட்ட யூனியன்காரன் நான்.

இருசப்பன் பால்வெட்டுக்காரன். கூட்டத்துக்குக் கூப்பிட்டா கடைசி வரிசையில உக்காந்து தூங்குவான். அவன் சம்சாரம் நாகமணி, ரெண்டாவது புள்ளயப் பெத்துட்டு, ரத்தம் நிக்காம டவுன் ஆஸ்பத்திரியில கெடந்தா. அவ அண்ணன் தம்பி ரத்தம் சேரல. இருசப்பன் ரத்தம் சேந்துச்சு. "நாளைக்குக் காலையில வந்து குடு. ஏத்தினாத்தான் பொழைப்பா"ன்னு டாக்டருக்கு ஒத்தாசையா இருக்கற டிரெஸர் சுப்பிரமணியம் சொல்லி அனுப்பினாரு. சாப்பிட்டு வான்னு சொல்ல அவருக்குத் தோணல. பட்டினியா எவன் வருவான்?

இவன் வந்தான். மூணு தடவ தீமிதி இறங்கினவன். உடம்பக் குடுக்கறதுன்னா அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். தலைக்குக் குளி, மணிக்கட்டுல மஞ்சக் காப்பு கட்டு, விரதம் இரு. மாரியாத்தாள வேண்டிக்கிட்டு முந்தின நாள் மத்தியானத்துலேருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. லோரியில தொணைக்கு நான் போனேன். என்கிட்ட மூச்சு விடல.

டிரெஸர் அவன் கண்ணு இமைய இழுத்துப் பாத்தாரு. "கடைசியா எப்பய்யா சாப்பிட்ட?"

"நேத்து பன்னெண்டு மணிக்குங்க. சுத்தமா இருக்கேன்."

"சுத்தமா? ஊசி குத்தினா இங்கயே சாஞ்சிடுவ. அப்புறம் ஒனக்கு எவன் குடுக்கறது? போய்த் தின்னுட்டு வா. பன்னெண்டுக்கு டாக்டர் கெளம்பிடுவாரு."

வெளிய வந்து நடு ரோட்டுல நின்னுட்டான்.

"அண்ணே, தின்னா விரதம் முறியும். முறிஞ்சா நாகமணி போயிடுவா. தின்னலன்னா ரத்தமே வேணாங்கறாரு. அங்க சோறு கொண்டு போனா புடிக்கறான், இங்க திங்காம வந்தா தொரத்துறான். நான் என்னதாண்ணே செய்யறது?"

"மொதல்ல தின்னு"ன்னேன். நூறு கூட்டத்துல பேசினவன் நான். இவன்கிட்ட எடுபடல.

எதிர்த்தாப்புல பாவாவோட சாப்பாட்டுக் கடை. இழுத்துட்டுப் போய் உக்கார வச்சேன். ரொட்டி வந்துச்சு. தொடல.

கதையக் கேட்ட பாவா சிரிச்சாரு. "நாங்களுந்தான் மாசம் பூரா நோன்பு வெக்கிறோம். நோன்புன்னா தொறக்கணும் லா. ஒங்க ஆத்தா தீ மிதிச்சா கூழு ஊத்தறதில்லையா?"

"மிதிச்சப்புறந்தான் பாய் ஊத்துவாங்க. நான் இன்னும் குடுக்கலையே."

பாவா ரொட்டித் தட்ட அவன் பக்கம் தள்ளி வச்சாரு. என்னப் பாத்தாரு. நான் கடிகாரத்தப் பாத்தேன். பதினொண்ணு.

திடீர்னு இருசப்பன் கேட்டான்: "அண்ணே, நீங்க காலையில சாப்பிட்டீங்களா?"

"கோப்பி மட்டும்."

"கோப்பி பரவால்ல." காப்ப அவுத்து என் கையில கட்டினான். "வீட்ல ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் விரதத்த ஏத்துக்கலாம். அவ எந்திரிக்கற வரைக்கும் நீங்க இருங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

"டேய், எனக்கு சாமியே கெடையாதுடா."

"ஆத்தாளுக்கு நீங்க இருக்கீங்களே, அது போதும்."

நோட்டீஸ் போட்ட கையில மஞ்சக் காப்பு. அவன் மூணு ரொட்டி, ரெண்டு முட்டை தின்னான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தான். மயங்கி விழல. டிரெஸர் பாலக் குடுத்து, "ஒரு வாரம் ஈரல், கீரை, முட்டை, நல்லா சாப்பிடு"ன்னாரு. திரும்ப பாவா கடை. என் மூக்குக்கு நேரா ஈரல் பெரட்டல்.

"நீங்க பாக்காதீங்கண்ணே, எச்சி ஊறினாலே விரதம் போயிடும்"ங்கறான்.

காப்ப அறுத்துப் போட எவ்வளவு நேரம்? கை போகல. ஏன்னு இன்னிக்கும் வெளங்கல.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நாகமணி எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டா. இருசப்பன் ஓடி வந்தான். "எதுண்ணே அவளக் காப்பாத்துச்சு, நான் தின்னதா, நீங்க திங்காததா?"

ரத்தம்டான்னேன். தலையாட்டினான். புரிஞ்ச மாதிரி தெரியல.

காப்பு கட்டின பதினொரு மணியிலேருந்து அவ கஞ்சி கேட்ட வரைக்கும் நான் கெடந்த பட்டினி, முப்பத்தோரு மணி நேரம்.