மஞ்சள் மெழுகு

ஒத்மார் எங்கள் மொன்டஃபோன் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருடமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். மாற்று ஓட்டுநர் நான். அவனோடு போனால் எரிச்சல்தான் வரும், அவ்வளவு ஜாக்கிரதை. அவன் பாதையில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு முறை வேண்டுமென்றே ஒரு தப்பு செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவன் மகள் வெரேனா பனிப்பலகைப் பந்தயக்காரி. நான்கு பேர் ஆளுக்கொரு பலகைமேல் நின்று பனிச்சரிவில் ஒன்றாகக் கிளம்பி, வளைவுகளில் திரும்பி, மேடுகளைப் பறந்து தாண்டி, யார் முதலில் கீழே வருகிறார் என்கிற பந்தயம். பதினேழு வயதில் ஒரு மேட்டில் தவறி விழுந்து முதுகெலும்பில் விரிசல். அவளைக் கொண்டுபோன மருத்துவமனையில்தான் தாய் நர்ஸ். எக்ஸ்ரேயை முதலில் பார்த்தவள் அவள்தான். ஐந்து மாதம் கழித்து எழுந்து நின்ற பெண் கேட்ட முதல் கேள்வி, "என் பலகை எங்கப்பா?"

பலகை பனியில் வழுக்கிப் போக அடியில் மெழுகு போடுவது எப்போதும் ஒத்மார்தான். வீட்டு நிலவறையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, பழைய இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டுத் தேய்ப்பான். ஆறியதும் சுரண்டி, பிரஷ் போட்டு மினுக்குவான். கடுங்குளிருக்கு நீல மெழுகு, இளகிய பனிக்கு மஞ்சள். மாற்றிப் போட்டால் பனி பலகையைப் பிடித்து இழுக்கும். எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும்.

தேசிய அணித் தேர்வுக்கு முந்தின நாள், ஜனவரி மாலை. வெளியே மைனஸ் பதினான்கு. நான் நிலவறைப் படியில் பீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒத்மார் மஞ்சள் மெழுகுக் கட்டியை எடுத்தான்.

"டேய், வெளிய என்ன குளிருன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியும். நான்தானே பாத்தேன்." இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். "கொஞ்சம் மெதுவாப் போகட்டும், கஸ்பர். தேர்வாகலைன்னா விட்டுடுவா. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேரும் மடையர்கள். சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய புத்தி. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று நினைத்தோம். மேட்டிலிருந்து பறக்கிறவளை அந்தப் பக்கச் சரிவில் பத்திரமாக இறக்குவதே வேகம்தான். வேகம் குறைந்தால் நடுவில் இருக்கும் சமதளத்தில் விழ வேண்டும்.

மறுநாள் வெரேனா மூன்றாவது மேட்டில் இரண்டு மீட்டர் குறைவாகப் பறந்து சமதளத்தில் விழுந்தாள். வலது குதிகால் நொறுங்கிப்போனது.

"வேகமே வரலப்பா," என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். "நான்தான் பயந்துட்டேன் போல. எனக்கே தெரியாம பிரேக் போட்டிருக்கேன்."

ஒத்மார் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

இனி பந்தயத்தில் இறங்கப்போவதில்லை என்று அவளே முடிவு செய்தாள். அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் ஆட்களைப் பார்க்க வெட்கப்பட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள்.

"சொல்லித் தொலைடா," என்றேன் ஒருநாள் வண்டியில்.

"சொன்னா மறுபடி போயிடுவா."

"சொல்லலைன்னா?"

அவன் கியரை மாற்றினான்.

மார்ச் கடைசியில் வெரேனா என்னைக் கூப்பிட்டாள். பலகையை என் தங்கை மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். "கோழைக்கு எதுக்கு மாமா பலகை?" கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமென்று, நானும் ஒத்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, நிலவறையில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, பலகையைச் சுத்தம் செய்கிற வெள்ளை மெழுகைத் தானே உருக்கித் தேய்த்துச் சூட்டோடு சுரண்டினாள். அப்படிச் செய்தால் உள்ளே ஊறிய பழைய மெழுகும் சேர்ந்து வரும். சுருள் சுருளாக வந்தது. மஞ்சளாக வந்தது.

அவள் கை நின்றது. "மஞ்சளா?"

போன வசந்தத்து மிச்சம் என்று ஒத்மார் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவன் வாய் அதற்காகத்தான் திறந்தது என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லவில்லை.

"நான்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

வெரேனா இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். "கால் போனது போகட்டும்ப்பா. ரெண்டு மாசமா நான் கோழைன்னு நினைச்சுச் செத்துட்டிருந்தேன். நீங்க எதிர்லயே உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்தீங்க."

பிறகு என்னிடம், "மன்னிச்சுக்குங்க மாமா. பலகையைக் குடுக்கல," என்றாள். நானும் அன்று பக்கத்தில் இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

இப்போது அடுத்த குளிர்காலம். அவள் மறுபடி பந்தயத்தில் இறங்குகிறாள். நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே மெழுகு போடுகிறாள். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒத்மார் வாசலுக்குப் போய், சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து, கதவருகே நின்று சொல்வான்: "மைனஸ் ஒம்பது, வெரேனா."

அவள் கதவைத் திறப்பாள். அவனைத் தாண்டி வாசலுக்குப் போய், வெப்பமானியைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள். அவள் திரும்பி வரும்வரை அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.